விடுதி அறையும் பிரிக்பீல்ட்ஸ் அக்காமார் வீடும்: முதலாம் ஆண்டு மாணவிக்கு எது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருக்கும் பெற்றோர் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். கோலாலம்பூர்ப் பக்கம் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு சேரும் பெண்ணுக்குப் பல்கலைக்கழக விடுதிதான் சரி. சீனியர் மாணவிகள் கூட்டாக வாடகைக்கு எடுத்து நடத்தும் அக்காமார் வீடு இரண்டாம் ஆண்டுக்கு உரியது. அதுவும் சில தாள்களைக் கண்ணால் பார்த்த பிறகு. சோறு, வாடகை, ரயில் வசதி என்று எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. என்னை முடிவுக்குத் தள்ளியது வேறு ஒன்று. விடுதி உங்கள் மகளை யார் எவர் என்று பார்க்காமல் ஓர் அறையில் போடுகிறது. வீடு அவளைப் பார்த்து, விசாரித்து, தேர்ந்தெடுக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ‘என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்பதைவிட இனிப்பான செய்தி கிடையாது. அந்த இனிப்புக்காக அவள் எதைக் கேட்டாலும் கொடுப்பாள் என்பது வீட்டுக்கு நன்றாகத் தெரியும்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்காரி. பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டுக் கணக்கியல் படிக்க வந்தேன். முதலாம் ஆண்டு விடுதி. அதன்பிறகு படிப்பு முடியும்வரை, கோலாலம்பூரில் நம்மவர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் ஓர் அக்காமார் வீடு. இப்போது தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை. அடுத்தவர் ரசீதுகளைப் புரட்டிச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஆண்டுதோறும் யூபியு எனப்படும் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை முடிவுகள் வந்த அன்றே அம்மாவின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேள்வி வந்துவிடும்: “பிள்ளைக்குக் கேஎல்லில் இடம் கிடைத்திருக்கிறது, எங்கே தங்க வைப்பது?” இம்முறை கேட்டது என் சித்தி. அவருக்குத் தொலைபேசியில் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரையும் வீட்டின் முகவரியையும் எழுதப்போவதில்லை. இரண்டு இடங்களிலும் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

விடுதியிலிருந்து தொடங்குகிறேன். நான்கு மாடிக் கட்டடம், மின்தூக்கி கிடையாது. எனக்குக் கிடைத்தது நான்காவது மாடி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பா ஒவ்வொரு மாடியிலும் நின்று, அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டார். அறையில் இரண்டு இரும்புக் கட்டில்கள், இரண்டு மேசைகள், இரண்டு அலமாரிகள், கூரையில் ஒரே ஒரு காற்றாடி. மெத்தையின் தடிமனைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. போகும்போது ஒரு பஞ்சு விரிப்பு வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம். தண்ணீரும் மின்சாரமும் அதிலேயே அடங்கும். கோலாலம்பூரில் அந்தக் காசுக்கு ஒரு வேளை வாழையிலைச் சாப்பாடுகூடக் கிடைக்காது.

குறைகள் ஏராளம். ஜன்னல் கொக்கி உடைந்திருந்தது. அலுவலகத்தில் படிவம் எழுதிக் கொடுத்தேன், மறுபடியும் கொடுத்தேன். அந்த ஆண்டு முழுவதும் அந்த ஜன்னலை என் பழைய துப்பட்டாதான் இழுத்துப் பிடித்திருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் குடிநீர் விநியோகம் தடைபடும் நாட்களில் நான்காவது மாடிக்குத்தான் தண்ணீர் முதலில் நிற்கும், கடைசியில் வரும். துணி துவைக்கும் இயந்திரம் காசைப் போட்டவுடன் யோசிக்க ஆரம்பிக்கும். அறையில் சோறு பொங்கும் மின்பானை வைத்துக்கொள்ளக் கூடாது. திடீர்ச் சோதனை வரும்போது நடைபாதை முழுக்கப் பானைகளைச் சலவைக் கூடையில் ஒளிக்கும் சத்தம் கேட்கும்.

சைவச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் புதிய கல்வியாண்டு பெரும்பாலும் அக்டோபர் வாக்கில் தொடங்குகிறது. நமக்கு அது புரட்டாசி. வீட்டில் விரதச் சாப்பாட்டுக்குப் பழகிய பிள்ளை நேரே விடுதி உணவகத்துக்குள் நுழைகிறது. அங்கே வெள்ளைச் சோற்றுக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தட்டுகளில் கறி வகைகள் இருக்கும். கங்கோங் கீரையைப் பார்த்ததும் நம் பிள்ளை கரண்டியை எடுத்துவிடும். அதில் பெலாச்சான் இருக்கிறது, அதாவது இறால் விழுது. முளைப்பயற்றுப் பொரியலில் காய்ந்த இறால் ஒளிந்திருக்கும். கோஸ் கூட்டு போலத் தெரிவதில் நெத்திலி. எஞ்சுவது தவ்வும் (சோயாக் கட்டி) முட்டையும். முட்டையும் கூடாது என்றால் தவ்வு மட்டும். உணவகத்து மக்சிக்கிடம், அதாவது சமைக்கும் மலாய் அம்மாவிடம், பணிவாகக் கேட்டால் பெலாச்சான் போடாமல் ஒரு தட்டுக் கீரை தனியாக வதக்கித் தருவார். என் அனுபவத்தில் ஒருவரும் மறுத்ததில்லை. ஆனால், கேட்க வேண்டும், அதுவும் கூட்டம் வருவதற்கு முன்பு. நம் பிள்ளைகள் பலர் கேட்கக் கூச்சப்பட்டு, மாதம் முழுக்க ரொட்டியும் மைலோவுமாக ஓட்டிவிட்டு, ‘விடுதிச் சாப்பாடு சரியில்லை’ என்று வீட்டுக்குச் செய்தி அனுப்புகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏன் விடுதி என்கிறேன்? என் அறைத்தோழிக்காக.

அவள் கிளந்தான் மாநிலத்து மலாய்ப் பெண், பாசிர் மாஸ்காரி. அவள் பேசிய மலாய் முதல் வாரம் எனக்குப் பாதி புரியவில்லை. பள்ளியில் படித்த மலாய்க்கும் அதற்கும் அவ்வளவு தூரம். முதல் இரவே அவள் கேட்டாள்: “நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டீர்கள் அல்லவா? நான் அறைக்குள் கொண்டுவர மாட்டேன். வேறு எதைச் செய்யக் கூடாது என்று சொல்.” நான் ஒன்றும் சொல்லத் தெரியாமல், சாமி படத்தை எங்கே வைக்கலாம் என்று அவளிடமே திருப்பிக் கேட்டேன். அறையில் தீ மூட்டத் தடை என்பதால் அம்மா கொடுத்துவிட்டது, சிவப்பு மின்விளக்கு பொருத்திய சின்ன முருகன் படம். அவள் தொழுகை விரிப்பின் திசையை மேசை விளிம்பை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, அதற்கு எதிர்ச்சுவரை எனக்குக் காட்டினாள். அதிகாலைத் தொழுகைக்கு அவள் வைத்த அலாரம் எனக்கும் அடிக்கும். முதலில் எரிச்சல், பிறகு, அந்த நேரத்தில் எழுந்தால் குளியலறையில் வரிசையே இல்லை என்பதைக் கண்டுகொண்டேன். அவள் ஊரிலிருந்து வந்த புடு என்னும் மீன் குழம்புச் சாற்றின் மணத்தை நான் பொறுத்துக்கொண்டேன். என் அம்மாவின் பருப்புப் பொடியை அவள் சோற்றில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மறுமுறை நான் ஊருக்குப் போனபோது அவளுக்கென்று தனியாக ஒரு போத்தல் கேட்டாள்.

சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி, கோயில், பிறகு இடைநிலைப்பள்ளியிலும் நம் பிள்ளைகள் கூட்டம் என்று வளர்ந்தவள் நான். ஒரு கிளந்தான் பெண்ணோடு ஒரே அறையில் சளி, காய்ச்சல், தேர்வுப் பயம், வீட்டு ஞாபகம் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பை நானாகத் தேடிப்போயிருக்கவே மாட்டேன். அவளும் போயிருக்க மாட்டாள். அலுவலகக் கணினி எங்கள் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டது. இன்று எங்கள் நிறுவனத்துக்குக் கிளந்தான் தலைநகர் கோத்தா பாருவில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். அவர் தொலைபேசியில் பொரிந்து தள்ளும்போது அலுவலகத்தில் எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

விடுதியின் இன்னொரு முகம் புள்ளிக்கணக்கு. முதலாம் ஆண்டு மாணவருக்கு இடம் கொடுப்பதில் முன்னுரிமை உண்டு. அடுத்த ஆண்டும் இருக்க வேண்டுமானால் நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டு புள்ளி சேர்க்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் கூட்டு உடற்பயிற்சி, கண்காட்சிக்குப் பந்தல் கட்டுவது, வராத பிரமுகருக்காக இரண்டு மணி நேரம் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டி-சட்டை, அதற்கு நாம்தான் காசு கட்ட வேண்டும். என் அலமாரியில் படிப்பு முடிந்தபோது உடுத்தத் தகாத டி-சட்டைகள்தான் அதிகம். இரண்டாம் ஆண்டு எனக்குப் புள்ளி போதவில்லை. நான் அழவில்லை; மண்டபத்து நாற்காலிகளிலிருந்து விடுதலை கிடைத்த நிம்மதிதான்.

அப்படித்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். இடத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. கேஎல் சென்ட்ரல் நடக்கும் தூரம். அங்கிருந்து கிளானா ஜெயா தடத்தில் ஏறினால் யுனிவர்சிட்டி நிலையம். கேடிஎம் கொமுட்டர் ரயிலில் ஏறினால் செர்டாங், பாங்கி பக்கத்து யூகேஎம் நிலையங்கள். அதனால்தான் வெவ்வேறு பல்கலைக்கழகத்துப் பெண்கள் ஒரே வீட்டில் சேர முடிகிறது. ஆனால், நிலையத்தில் இறங்கியதும் வகுப்பறை என்று நினைக்காதீர்கள். யுனிவர்சிட்டி நிலையத்திலிருந்து மலாயாப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போக டி789 பஸ் பிடிக்க வேண்டும். செர்டாங்கிலும் யூகேஎம்மிலும் அதேபோல் இன்னொரு பஸ் உண்டு. ஐம்பது வெள்ளிக்கு முப்பது நாள் செல்லும் மை50 அட்டை ரேபிட் கேஎல் ரயில்களுக்கும் பஸ்களுக்கும்தான். கேடிஎம் கொமுட்டர் அதில் சேராது. செர்டாங், பாங்கி பக்கம் படிக்கும் பிள்ளையின் பயணச் செலவைக் கணக்குப் போடும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

சாலைக்குப் பெயர் துன் சம்பந்தன். முன்னாள் அமைச்சரான அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன உரிமை உணர்வு வந்துவிடும். பூக்கடை, பாத்திரக்கடை, புடவைக்கடை, வடை பொரியும் வாசனை, தீபாவளிக்கு முந்திய வாரங்களில் காது கிழியும் ஒலிபெருக்கி. கந்தசுவாமி கோயிலுக்கு நடந்தே போகலாம். வீட்டு ஞாபகத்தில் வாடும் பிள்ளைக்கு இதைவிட மருந்தில்லை.

வீடு மூன்று அறை அடுக்குமாடி, எட்டுப் பெண்கள். அறையைப் பகிர்ந்துகொள்ள மாதம் முந்நூற்றைம்பது வெள்ளி. தண்ணீர், மின்சாரம், இணையம், அரிசி எல்லாம் தனி. உள்ளே நுழைவதற்கு முன் ஒரு நேர்காணல் உண்டு. பெண் பார்க்கும் படலத்தைப் போலவே நடக்கும், பஜ்ஜி மட்டும்தான் இல்லை. வரவேற்பறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நம்மை உட்கார வைத்துவிட்டு, மூத்த அக்காமார் மூவர் எதிரே தரையில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். சமைக்கத் தெரியுமா? ஆடத் தெரியுமா? கார் ஓட்டும் உரிமம் இருக்கிறதா? யாரோடாவது பழக்கமா? அப்பா எந்தத் தோட்டம்? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது குரல் கொஞ்சம் இளகும். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். நான் தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. என்னிடம் உரிமம் இருந்தது. வீட்டுக்கு ஓட்டுநர் தேவைப்பட்டது. இடம் கிடைத்தது.

குளிர்பெட்டிக் கதவில் விதிமுறைத் தாள் ஒட்டியிருக்கும். நெகிழி உறைக்குள் ஓர் ஏ4 தாள், நான்கு மூலையிலும் காந்தம். நீல மையில் ஒரு கையெழுத்து, சிவப்பில் இன்னொன்று, கீழே பென்சிலில் வேறொன்று. ஆண்டுக்கு ஆண்டு சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், ஒரு வரியைக்கூட யாரும் அடிக்கவில்லை. இரவு பத்து மணிக்குள் வீடு. ஆண்கள் வாசலைத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை வீடு கழுவி, மாலையில் விளக்கேற்ற வேண்டும். இவையெல்லாம் எந்த அம்மாவும் எழுதக்கூடியவை. சிவப்பு மையில் இருப்பவைதான் வேறு ரகம்: ‘முதலாம் ஆண்டு மாணவிகள் அக்காமார் சாப்பிட்ட பின்பே சாப்பிட வேண்டும்.’ ‘அக்கா அழைத்தால் இரண்டாவது முறை அழைக்க வைக்கக் கூடாது.’ எழுதப்படாத விதிகளும் உண்டு. மாணவர் சங்கத் தேர்தலில் யாருக்கு வாக்கு என்பதை வீடு முடிவு செய்யும். வேறு வீட்டுப் பெண்களோடு அதிகம் சுற்றினால் புலனக் குழுவில் பெயர் சொல்லாமல் ஒரு செய்தி விழும்.

நான் இரண்டாம் ஆண்டில் போனதால் சிவப்பு மை என்னைத் தொடவில்லை. அப்போது இரண்டு முதலாம் ஆண்டுப் பெண்கள் அங்கே இருந்தார்கள். இரவு பதினொரு மணிக்குப் பிறகு எட்டுப் பேரின் தட்டுகளையும் கழுவிக்கொண்டு, அலமாரி மேல் திறந்து வைத்த புள்ளியியல் குறிப்பை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். யாரும் அடித்ததில்லை, திட்டியதுகூட அபூர்வம். ஒரு பெண் சிரித்துக்கொண்டேதான் செய்தாள். “அடுத்த ஆண்டு எனக்கும் இரண்டு தங்கச்சிகள் வருவார்கள் அக்கா” என்றாள். இந்த ஏற்பாடு ஆண்டாண்டாக எப்படி ஓடுகிறது என்பதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும். இன்று கழுவுகிறவளுக்கு நாளை கழுவ வைக்கும் உரிமை உறுதி. அவளுக்குக் குறை சொல்வதில் லாபமே இல்லை.

நல்லதையும் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். பழைய தேர்வுத்தாள்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அந்த வீட்டில் இருந்தன. எந்த விரிவுரையாளர் எந்த அத்தியாயத்திலிருந்து கேட்பார் என்று ஓரத்தில் குறிப்போடு. விலை அதிகமான வரிச்சட்டப் புத்தகத்தை நான் காசு கொடுத்து வாங்கவே இல்லை. எனக்கு டெங்கி வந்தபோது நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும், மறுநாள் காலை ரசம் வைத்து எடுத்துவந்ததும், அப்பா வந்து சேரும்வரை கட்டிலருகே இருந்ததும் அதே சிவப்பு மை அக்காதான். என் முதல் வேலைக்கான நேர்காணலுக்கு அவர் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். வேலையே அந்த வீட்டில் முன்பு இருந்த ஓர் அக்கா சொல்லித்தான் கிடைத்தது. கோலாலம்பூரில் வேரில்லாத ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு இந்த வலை சாதாரணமானதல்ல. சலுகைகளுக்குக் குறைவில்லாத வேறு கூட்டங்கள் தங்களுக்குள் செய்துகொள்வதை நம் பெண்கள் ஒரு மூன்று அறை வீட்டில் செய்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது.

இதே கூத்து அமெரிக்காவில் எழுத்துப் பலகை மாட்டி நடக்கிறது என்பது என் பெரியம்மா மகள் அங்கே படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது. கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள். ஆண்களுக்கு ஃப்ரட்டர்னிட்டி, பெண்களுக்கு சொரோரிட்டி. இந்தப் பெயர் வைக்கும் வழக்கம் 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய பை பீட்டா கப்பாவிலிருந்து வருகிறது. அது இன்று படிப்பில் சிறந்தவர்களுக்கான கௌரவச் சங்கமாகிவிட்டது. மற்றவை பலவற்றுக்குச் சொந்த வீடுகளே உண்டு. சமையற்காரர், கூடம், சுவர் முழுக்கப் பழைய உறுப்பினர்களின் படங்கள். ஆள் சேர்க்கும் நாட்களுக்கு ரஷ் என்று பெயர். வீடு வீடாகப் போய்ச் சிரித்துப் பேச வேண்டும். கடைசியில் ஒரு வீடு அழைப்பு அனுப்பும், அல்லது அனுப்பாது. அவள் அதை விவரித்தபோது எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலிதான் கண்ணில் நின்றது.

ஆனால், அங்கே ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. முதலாம் ஆண்டு மாணவர் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கட்டாயப்படுத்துகின்றன. சங்கத்தில் சேர்ந்தாலும் அந்த வீட்டில் குடியேறுவது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான். பெரியம்மா மகளும் முதலாம் ஆண்டு விடுதியில் இருந்தாள். தெற்காசிய மாணவர்களுக்கென்றே தனிச் சங்கங்களும் இருக்கின்றன; டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 1998இல் தொடங்கிய டெல்டா எப்சிலான் சை அப்படி ஒன்று. அவளை அப்படி ஒரு பெண்கள் சங்கம் அழைத்தது. சந்தாத் தொகையை ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, பெரியப்பாவிடம் சொல்லாமலே மறுத்துவிட்டாள்.

அந்த வீடுகளில் புதியவர்களைப் படுத்தும் பாட்டில் உயிர்களே போயிருக்கின்றன. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு கூட்டரசுச் சட்டம் வந்தது: வளாகத்தில் நடக்கும் பகடிவதைச் சம்பவங்களைப் பல்கலைக்கழகங்கள் எண்ணிச் சொல்ல வேண்டும், எந்த மாணவர் அமைப்பு குற்றம் செய்ததாகக் கண்டறியப்பட்டது என்பதையும் வெளியிட வேண்டும். தணிக்கைக்காரிக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி ஏது? பெயரோடு பட்டியல். நம் ஊர் அக்காமார் வீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு வீடே இல்லை. விடுதி என்றால் எல்லாம் பாதுகாப்பு என்று நான் சொல்லவரவில்லை. 2017இல் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழக விடுதியில் கடற்படைப் பயிற்சி மாணவர் ஒருவர் சக மாணவர்களின் சித்திரவதையில் காயமடைந்து இறந்தது நாடே அறிந்தது. ஆனால், விடுதியில் ஏதாவது நடந்தால் கதவைத் தட்ட ஃபெலோ எனப்படும் விடுதிப் பொறுப்பாளர் ஒருவர் கீழ்மாடியிலேயே இருக்கிறார், காவலர் இருக்கிறார், புகார் எழுதும் புத்தகம் இருக்கிறது, பொறுப்பேற்க ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் புகார் சொல்ல வேண்டிய ஆளும் புகாருக்குரிய ஆளும் ஒரே பாயில் படுத்திருப்பார்கள்.

இப்போது தாள்களுக்கு வருகிறேன். இந்த நாட்டில் வீடு வாடகைக்கு எடுத்தால் வழக்கமாக இரண்டு மாத முன்பணம், அரை மாதத் தண்ணீர் மின்சார முன்பணம், அதோடு முதல் மாத வாடகை. எங்கள் வீட்டில் அந்த முன்பணத்தைக் கட்டியவர் எப்போதோ படிப்பு முடித்து ஜொகூருக்குப் போய்விட்ட ஓர் அக்கா. வெளியேறும்போது அவர் தம் பங்கை உரிமையாளரிடம் கேட்கவில்லை. புதிதாக வந்தவளிடம் வாங்கிக்கொண்டார். அவள் போகும்போது அடுத்தவளிடம் வாங்கினாள். இப்படியே கைமாறிக் கைமாறி வருகிறது. கேட்டால் எல்லாருக்கும் நியாயமாகத்தான் தோன்றும். உரிமையாளர் வீட்டை விற்கும் நாளில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர் ஜொகூர் அக்காவுடையது. பணம் திருப்பிக் கொடுத்தால் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். அன்று அந்த வீட்டில் இருப்பவர்கள் கையில் இருப்பது ஒரு புலனச் செய்தி: ‘தங்கச்சி, பணம் கிடைத்தது, நன்றி.’

நான் அந்த வீட்டில் இருந்தபோதே இதைக் கிளப்பினேன். அக்காமார் முகம் சுருங்கியது. ‘எங்களை நம்பவில்லையா’ என்ற கேள்வி வந்தது. நம்புகிறேன், அதனால்தான் எழுதிவைக்கச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வாரம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு உரிமையாளரே வந்தார், ஈப்போக்காரச் சீனப் பெரியவர். அவருக்கே அதுவரை எத்தனை பேர் இருக்கிறோம் என்பது தெரிந்திருக்கவில்லை. காலணி வைக்கும் தட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டு, வாடகையை ஐம்பது வெள்ளி ஏற்றினார். ஒப்பந்தம் அப்போது வீட்டில் இருந்த இருவர் பெயருக்கு மாறியது. வருமான வரி வாரியத்தில் முத்திரைத் தீர்வையும் கட்டினோம். அந்த ஐம்பது வெள்ளிக்கு இன்றும் என்னைத்தான் சாடுவார்கள்.

சித்தி மகளுக்கு நான் சொன்னது இதுதான். முதலாம் ஆண்டு விடுதிக்குப் போ. யாரோடு அறை கிடைக்கிறதோ அவரோடு இரு. மாற்றிக் கொடுங்கள் என்று முதல் வாரத்திலேயே அலுவலகத்துக்கு ஓடாதே. தமிழ்ப் பேரவைக்குப் போ, நாடகத்தில் நடி, அக்காமாரோடு பழகு, சனி ஞாயிறு அவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு உன் தட்டை மட்டும் கழுவு. எட்டுத் தட்டையும் கழுவச் சொல்கிறார்களா என்று பார். கார் ஓட்டும் உரிமம் இருப்பதை யாரிடமும் சொல்லாதே.

விடுதியில் இடமே கிடைக்கவில்லை என்றாலோ, உடல்நிலை காரணமாக வீட்டுச் சமையல் கட்டாயம் வேண்டும் என்றாலோ, நேரே வீட்டுக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். அப்படியானால் அப்பாவோ அம்மாவோ உடன் போய், நேர்காணலின்போது அந்தப் பாயில் தாங்களும் உட்கார்ந்து, பதிலுக்கு நாலு கேள்வி கேட்க வேண்டும். ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது, அவர் இப்போது எங்கே இருக்கிறார், முத்திரை குத்திய படி எங்கே, முன்பணத்துக்கு ரசீது யார் எழுதுவார். கடைசியாக, குளிர்பெட்டிக் கதவை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கேட்டதற்காக அந்த வீடு இடமில்லை என்று சொன்னால், பிரிக்பீல்ட்ஸில் அதே தெருவில் குடும்பங்கள் வாடகைக்கு விடும் தனி அறைகள் இருக்கின்றன. வாடகை நூறு நூற்றைம்பது வெள்ளி கூடும், ரசம் கிடைக்காது.

சித்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “விடுதியில் காற்றாடி எந்தக் கட்டிலுக்கு நேராக இருக்கும்?” என்றார். கதவுப் பக்கத்துக் கட்டிலுக்கு. காலையிலேயே போய்ப் பதிந்தால் அது கிடைக்கும்.